லயத்து முகவரி

(தோட்டக் கமிட்டியின் கல்விப் பரிசளிப்பு நிகழ்வில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. கைக்காசுக் கொழுந்துக்குப் போகாமல், விறகுக்குப் போகாமல், உடுப்புத் துவைக்கப் பீலிக்கரைக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தின் பெறுமதி நமக்குத் தெரியும். பிள்ளைகளைப் பாராட்டி நாலு வார்த்தை பேசிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். ஆனால் இந்தப் பரிசுப் பட்டியலைத் தயாரித்தபோது ஒரு விடயம் கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் உட்கார மனம் வரவில்லை.

பரிசு பெறும் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, பெயர், பாடசாலை, பெறுபேறு, முகவரி ஆகியவற்றை எழுதித் தரச் சொன்னோம். பெறுபேறுகளைப் பார்த்துச் சந்தோசப்பட்டோம். முகவரியைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தோட்டத்தின் பெயரை எழுதவே இல்லை. சிலர் டவுனின் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். சிலர் டவுனில் இருக்கும் மாமா வீட்டு இலக்கத்தை எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் முழுதாக எழுதி, பிறகு பேனையால் வெட்டிவிட்டு, மேலே 'ஹட்டன்' என்று எழுதியிருந்தது. இத்தனைக்கும் அந்தத் தாளைக் கேட்டது வெளி ஆள் இல்லை, இதே தோட்டத்துக் கமிட்டிதான். அந்த வெட்டுக்கோட்டைப் பார்த்துக்கொண்டு கமிட்டி அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நமது முகவரி நமக்கு உண்மையாகவே கெடுதல் செய்கிறது. லயத்துக்கு இலக்கம் கிடையாது, தெருவுக்குப் பெயர் கிடையாது. தபால்காரர் லயத்து வாசலுக்கு வருவதில்லை. கடிதமெல்லாம் கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்து பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். லெட்சுமி என்று கூப்பிட்டால் நாலு லெட்சுமி திரும்பிப் பார்ப்பார்கள். தாதியர் பயிற்சி நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதம் ஆபீஸ் மேசையிலேயே கிடந்து, தேர்வு முடிந்து இரண்டு நாள் கழித்துக் கைக்கு வந்த பிள்ளையை நமக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை இன்னும் அவள் கிழித்துப் போடவில்லை. அப்படிப்பட்ட நிலையில் மாமா வீட்டு முகவரியைக் கொடுக்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் வசதிக்காகத் தொடங்குவது வசதியோடு நிற்பதில்லை. முதலில் கடிதத்துக்காக டவுன் முகவரி. பிறகு கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்வதற்கு டவுன் முகவரி. வேலை கிடைத்த பிறகு, கலியாணப் பத்திரிகையிலும் டவுன் முகவரி. கடைசியில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் இடத்துக்கு அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் எழுத்தில் ஓரிடம் கூட இல்லை என்றாகிவிடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் சங்க வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தோம். வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடைக்குள் போனால், நம் பணிய லயத்துத் தம்பி ஒருவர் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். வாடிக்கையாளர் ஒரு அம்மா கேட்கிறார், "தம்பி எந்த ஊர்?" தம்பி சொல்கிறார், "நுவரெலியா டவுன்." சொல்லி முடித்துத் தலையை நிமிர்த்தினால் எதிரில் நாங்கள் நிற்கிறோம். முகம் சுருங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே கூட்டிப் போய்த் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம். ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "தோட்டம்னு சொன்னா அறை வாடகைக்குத் தர யோசிக்கிறாங்க அண்ணன். கடையிலயும் தோட்டத்துப் பொடியன்னா மூட்டை தூக்க விடுவாங்க, கணக்குல உட்கார வைக்க மாட்டாங்க. நான் உயர்தரத்துல வணிகம் படிச்சவன்."

அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் அந்த நேரத்தில் எதுவும் இருக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், பிள்ளைகளை டவுன் பாடசாலையில் சேர்க்க யாரிடமோ முகவரி இரவல் வாங்கியவர்கள் சங்கத்திலேயே நம்மில் பலர் இருக்கிறோம்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட தாய் இங்கேதான் இருக்கிறார், அனுமதி கேட்டுத்தான் சொல்கிறோம். மகள் பல்கலைக்கழகம் போய் முதல் வருடம். தாய் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மூன்று பஸ் மாறி விடுதிக்குப் போயிருக்கிறார். மகள் ஓடி வந்து கட்டிப்பிடித்திருக்கிறாள். அறைத் தோழிகள் வருகிற சத்தம் கேட்டதும் மெதுவாகக் காதில் சொன்னாளாம், "அம்மா, கையை முந்தானைக்குள்ள வச்சுக்குங்க." கொழுந்துக் கறை. இருபத்தைந்து வருடக் கறை ஒரு நாள் எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகாது. தாய் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை. அந்த மகளைக் கெட்ட பிள்ளை என்று சொல்லவும் மாட்டோம். பதினெட்டு வயதில் புது இடத்தில் தனியாக நிற்கும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பயம் இருந்திருந்தால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்கும்? அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையிலான விடயம். அந்தப் பயத்தை அவளுக்குள் வைத்தது யார் என்பதுதான் நம் எல்லோருடைய விடயம்.

அது ஒரு நாளில் வைத்தது அல்ல. கள்ளத்தோணி என்றார்கள். தோட்டக்காட்டான் என்றார்கள். வடக்கத்தியான் என்றார்கள். வாயால் சொன்னது போதாதென்று சட்டத்தாலும் சொன்னார்கள். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதி என்றார்கள். ஒரு சந்தைக் கணக்கு மாதிரி. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று ஆன குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. கடைசிக் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. படிப்பும் அப்படித்தான். நாட்டுக்கே இலவசக் கல்வி என்று 1945இல் வந்தபோது நமது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்க 1970கள் ஆகின. ஆகவே, இன்று மேடையேறும் பிள்ளைகள் மற்றவர்களுக்கு முப்பது வருடம் பிந்திப் புறப்பட்ட ஓட்டத்தில் ஓடி வந்தவர்கள். பெறுபேற்றுத் தாளில் அது எழுதியிருக்காது.

இவ்வளவு காலம் "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்று கேட்ட சமூகத்தின் பிள்ளை, ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குவதில் என்ன ஆச்சரியம்?

இப்போது குடித்தொகைக் கணக்கைப் பாருங்கள். 2012 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 8,39,504 பேர். 2024 கணக்கெடுப்பில் முதல் தடவையாக மலையகத் தமிழர் என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. பல வருடக் கோரிக்கை அது. ஆனால் எண்ணிக்கை ஏறத்தாழ 6 இலட்சமாகக் குறைந்திருந்தது. ஆட்கள் எங்கே போனார்கள்? கப்பலேறிப் போகவில்லை. வெளிநாடு போனவர்கள் சிலர் இருக்கலாம், பிள்ளை பெறுவது குறைந்தது கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று மாற்றிப் பதிந்த குடும்பங்கள் எத்தனை என்று அவரவர் லயத்தில் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அப்படிப் பதிந்தால் பிள்ளைக்கு நல்லது என்று பெற்றோரே நினைத்தார்கள், வேறு சிலருக்குப் பதிவு செய்தவரே அப்படி எழுதிக் கொடுத்துவிட்டார். இலங்கையில் பிறந்த தமிழர் இலங்கைத் தமிழர்தானே என்று கேட்டால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் என்ன குறையும் என்பது தொழிற்சங்கக்காரருக்குத் தெரியும். பிரதேச சபைப் பிரதிநிதித்துவம், பாடசாலைக்கு ஆசிரியர், வீட்டுத் திட்டத்துக்கு ஒதுக்கீடு எல்லாமே தலைக்கணக்கில்தான் வருகின்றன. முகவரியை வெட்டிய அந்தப் பேனைக்கோடு சின்ன விடயம் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

சரி, பெருமைப்படச் சொல்கிறீர்களே, பெருமைப்பட நம்மிடம் என்ன இருக்கிறது என்று இளம் பிள்ளைகள் கேட்கலாம். 10 அடிக்கு 12 அடி காம்பிராவிலா பெருமை? இல்லை. ஒழுகுகிற தகரத்தில் பெருமை கிடையாது. லயத்தை இடித்து ஏழு பேர்ச் காணியும் வீடும் கொடு என்று போராடுகிறவர்கள் நாங்கள், லயத்தைப் பாதுகாக்கச் சொல்ல மாட்டோம். வறுமையைப் பண்பாடு என்று யாராவது மேடையில் சொன்னால் எழுந்து கேள்வி கேளுங்கள்.

ஆனால் அந்தக் காம்பிராவுக்குள் இருந்துகொண்டு நம் ஆட்கள் என்ன உண்டாக்கினார்கள் என்று பாருங்கள். ஊரிலிருந்து வரும்போது மாரியம்மனையும் முனியாண்டியையும் மனதில் சுமந்து வந்தார்கள். வந்த வழி நெடுகக் காடு. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த வழிப்பயணத்தின் நினைவோடு சேர்ந்த கோயில். 2023இல் நம் மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து ஜூலை 28 தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. இங்கிருந்தும் சிலர் போனீர்கள், கால் கொப்புளத்தோடு வந்தீர்கள். அது வந்த பாதை. வந்த பிறகு என்ன செய்தார்கள்? இங்கே இஸ்டோரில் இயந்திரச் சக்கரம் சுற்றியது. ஆளை இழுத்துவிடும் சக்கரம். அதற்கு ஒரு சாமி வேண்டும் என்று ரோதைமுனியை உண்டாக்கினார்கள். கவ்வாத்துக்கு ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி. இந்தச் சாமிகளைத் திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ சேலத்திலோ தேடினால் கிடைக்க மாட்டார்கள். தேயிலை மலைதான் அவர்களுக்குப் பிறந்த ஊர். நமக்கும் அப்படித்தான்.

பேச்சையும் பாருங்கள். டவுன் பாடசாலையில் 'காம்பிரா' என்று சொன்னதற்காகச் சிரித்தார்கள் என்று ஒரு மகன் வந்து அழுதான். அந்தச் சொல் போர்த்துக்கேயர் விட்டுப் போன சொல்லின் வழியில் வந்தது. இஸ்தோப்பு ஒல்லாந்தச் சொல்லின் வழியில், சிங்களத்தைத் தொட்டுக்கொண்டு வந்தது. பிரட்டு, ஆங்கிலத் துரைமார் 'பரேட்' என்றதை நம் பாட்டன்மார் வாயில் போட்டு மென்ற சொல். எத்தனை எசமான்கள் வந்து போனார்கள் என்ற கணக்கு நம் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. பரீட்சைத் தாளில் 'அறை' என்று எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். வீட்டில் காம்பிரா என்று சொல்லுங்கள். இரண்டும் தெரிந்தவன் ஒன்று மட்டும் தெரிந்தவனைவிடக் கெட்டிக்காரன். சிங்களமும் ஆங்கிலமும் அப்படித்தான், படிக்கத்தான் வேண்டும். காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழ்ப் பாடசாலை தூரம் என்பதால் சிங்களத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் எழுதத் தெரியாது, ஆனால் திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அவர்களுக்கு ஒரு தமிழ் ஆசிரியரைக் கொண்டு போய்ச் சேர்ப்பது நம் கடமை.

படித்தவர்கள் எல்லோரும் மறைத்துக்கொண்டு போனவர்கள் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். லயத்துப் பிள்ளை என்று சொல்ல முடியாது, பெரிய கங்காணி குடும்பம். அந்தக் காலத்திலேயே கொழும்பில் படித்தார். ஆங்கிலத்தில் எழுதுகிற கை. 1947இல் தலவாக்கலையில் நின்று வென்று பாராளுமன்றம் போன ஏழு பேரில் அவரும் ஒருவர். இவ்வளவும் இருந்தவர், மலை மலையாக ஏறி, கொழுந்து எடுக்கும் பெண்கள் பாடும் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் அந்தப் பாட்டுகள் பாடிய பாட்டிமாரோடு மண்ணுக்குள் போயிருக்கும். ஆங்கிலம் படித்தவர் அந்த ஆங்கிலத்தைக் கொண்டே தேயிலைத் தோட்டத்து மக்களின் கதையை வெளி உலகத்துக்குச் சொன்னார்.

மீனாட்சியம்மாளையும் மறக்கக் கூடாது. கோ. நடேசய்யரின் மனைவி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். 1930களில், தோட்டத்துக்குள் சங்கக்காரர் கால் வைக்கவே முடியாத காலத்தில், தானே பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடியவர் அவர். எழுத்தறியாத சனத்துக்குத் துண்டுப்பிரசுரம் எதற்கு? பாட்டுத்தான் துண்டுப்பிரசுரம். நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது அந்தப் பாட்டும் அதற்குள் ஒரு கல்லாக இருந்தது. சங்கத்தையும் கலையையும் நாம் வேறு வேறாக வைத்தது பிற்காலத்தில்தான்.

முரளிதரனைப் பற்றிச் சொல்லவில்லையே என்று பையன்கள் பார்க்கிறார்கள். சொல்கிறோம். 800 விக்கட். அவருடைய பாட்டனாரும் தோட்டத்து வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர்தான். ஆனால் எல்லாப் பிள்ளையும் முரளிதரனாக முடியாது. தபாலகத்தில் எழுதுவினைஞராக, ஆசிரியராக, தாதியாக, நல்ல மின்சாரத் தொழிலாளியாக ஆகிற பிள்ளைகளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. பண்பாடு பண்பாடு என்று சொல்லும்போது அதற்குள் எதைச் சேர்க்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நம் தோட்டத்தில் காமன் கூத்து ஏழு வருடம் நின்று போயிருந்தது. ஏன் நின்றது? தொலைக்காட்சி வந்தது, பொடியன்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதியை நாம் வெளியே சொல்வதில்லை. தப்பு அடிக்க ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை? தப்பு அடிக்கிற குடும்பம் என்று ஒரு லயத்தை ஒதுக்கி வைத்திருந்தோம். காமனுக்கும் அவர்கள்தான் அடிக்க வேண்டும், சாவுக்கும் அவர்கள்தான் அடிக்க வேண்டும். தேத்தண்ணி கொடுக்கும்போது மட்டும் கோப்பை வேறு. அந்தக் குடும்பத்துப் பையன் உயர்தரம் படித்துவிட்டு, "எங்கப்பாவோட இது முடியட்டும், நான் தப்பைத் தொட மாட்டேன்" என்று சொன்னான். அவனைப் பார்த்துப் பண்பாட்டை மறந்தவன் என்று பேசினார்கள். எங்களைக் கேட்டால், அவன் சொன்னதுதான் சரி. தோட்டத்துப் பெருமை முழுவதையும் ஒரு வீட்டின் முதுகில் ஏற்றிவிட்டு, அந்த வீட்டுக்கு மட்டும் மரியாதை இல்லை என்றால், அவன் ஏன் சுமக்க வேண்டும்?

கூத்து மறுபடி எப்படி வந்தது என்பதை இளைஞர் குழுவிலிருந்தவர்கள் சொல்லலாம், ஆனால் கூச்சப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த இரண்டு பேர் முதலில் அந்தப் பையனின் தகப்பனாரிடம் போனார்கள். அவரைச் சாவு வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து, "எங்களுக்குச் சொல்லிக் கொடுங்க மாஸ்டர்" என்று கேட்டார்கள். மாஸ்டர் என்ற சொல்லைக் கூத்துப் படிப்பிக்கிற ஆளுக்கு மட்டுமே வைத்திருந்தோம், தப்பு அடிக்கிறவருக்கு அதை யாரும் சொன்னதில்லை. அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தப்பைத் தீயில் காய வைத்துக் காட்டினார். மேல் தொங்கல், பணிய லயம், எல்லா வீட்டுப் பொடியன்களும் கை சிவக்க அடித்துப் பழகினார்கள். இரண்டு வீட்டில் தகப்பன்மார் சண்டைக்கு வந்தார்கள், நம் வீட்டுப் பிள்ளை தப்பு அடிப்பதா என்று. அவர்களில் ஒருவர் கமிட்டிக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்த வருடம் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றினோம். மதன் எரிகிற இரவில், எரிந்தான், எரியவில்லை என்று இரண்டு கட்சியாக விடிய விடியப் பாட்டு. தப்பைத் தொட மாட்டேன் என்ற அந்தப் பையன் அடிக்க வரவில்லை. கொழும்பிலிருந்து வந்து ஓரமாக நின்று பார்த்தான். அவனுடைய அப்பாவுக்கு மாலை போட்டபோது கைப்பேசியில் படம் எடுத்தான். அவ்வளவுதான். அவனை அடி என்று யாரும் கேட்கவும் இல்லை.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இன்னும் குறை இருக்கிறது. ரதி வேடம் இன்றைக்கும் ஆண் பிள்ளைதான் கட்டுகிறான். இரவு முழுக்கக் கூத்து என்றால் சாராயமும் வந்துவிடுகிறது, அதனால் தாய்மார் பிள்ளைகளை அனுப்பப் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. சாராயப் போத்தலோடு வருகிறவரைக் கூத்துக் களத்தை விட்டு வெளியே அனுப்ப மாதர் அணிக்கு அதிகாரம் கொடுத்துத் தீர்மானம் போட்டிருக்கிறோம். ஆண்கள் கை தட்டவில்லை என்பதையும் குறித்துக்கொண்டோம்.

பிள்ளைகளே, உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. பல்கலைக்கழகம் போங்கள். கொழும்புக்குப் போங்கள், வெளிநாடு கிடைத்தால் அதற்கும் போங்கள். கொழுந்துக் கூடையைத் தூக்கித்தான் தோட்டத்துக்கு விசுவாசம் காட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். ஆனால் போகும் முன் இந்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, யார் முதலில் வந்தது, எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார்கள், 1964க்குப் பிறகு யார் யார் போனார்கள், என்ன பாட்டுப் பாடுவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டி வெட்கப்பட்டால் இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இந்தத் தோட்டத்தில் ஆறு பேர்தான் இருக்கிறார்கள். போன மழைக்கு எட்டுப் பேர் இருந்தார்கள்.

வேலைக்குப் போனவர்களிடம் கேட்பது வேறு. சாதாரண தரத்தில் கணிதத்தில் விழுகிற பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். டிசம்பர் விடுமுறையில், சித்திரை விடுமுறையில் ஊருக்கு வருகிறபோது இரண்டு பின்னேரம் இந்த மண்டபத்தில் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுங்கள். மேசை, கதிரை, வெண்கட்டி, தேத்தண்ணி சங்கத்தின் பொறுப்பு.

முகவரி விடயத்தில் சங்கம் செய்யப் போவதையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு லயத்துக்கும் காம்பிராவுக்கும் இலக்கம் போட்டுப் பட்டியல் தயாரித்திருக்கிறோம். லயங்களுக்குப் பெயர் வைக்கலாமா என்றும் யோசனை இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை பெயர் வேண்டாம், மேல் லயத்து ஆட்களே கூடி ஒரு பெயர் சொல்லட்டும். பட்டியலைக் கிராம சேவகருக்கும் தபாலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, கடிதம் வாசலுக்கு வர வேண்டும் என்று கேட்போம். ஒரு கடிதத்தில் நடக்கும் என்று நினைக்கவில்லை, நாலைந்து தடவை நடக்க வேண்டி வரும். அதுவரை, ஆபீசுக்கு வரும் கடிதங்களைத் தினமும் எடுத்து வரக் கமிட்டியில் இருவரை நியமித்திருக்கிறோம். பரீட்சை எழுதிய பிள்ளைகள் அவர்களிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள். நாலு லெட்சுமியும் தகப்பன் பெயரோடு கொடுங்கள்.

பெயரை வெட்டி எழுதிய பிள்ளை யாரென்று தேட வேண்டாம். அந்தத் தாளை நாங்கள் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் சான்றிதழ் எழுதும்போது கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. எல்லாச் சான்றிதழிலும் பிள்ளையின் பெயருக்குக் கீழே தோட்டம், பிரிவு, லய இலக்கம் மூன்றையும் எழுதியிருக்கிறோம். விருப்பமில்லாதவர்கள் சொன்னால் அது இல்லாமல் வேறொன்று எழுதித் தருவோம். கோபித்துக்கொள்ள மாட்டோம். வெற்றுத் தாள் பத்து மேசையில் இருக்கிறது.

இப்போது பெயர் கூப்பிடப் போகிறோம். பிள்ளையோடு அம்மாவும் மேடைக்கு வர வேண்டும். அம்மா மலையில் இருந்தால் அப்பா, இரண்டு பேரும் இல்லையென்றால் பாட்டி. சான்றிதழை அம்மா கையில்தான் கொடுப்போம். முதலில் மேல் பிரிவு, 4ஆம் இலக்க லயம்.